எப்போதாவது பிடிப்பவர்

எலிஹியோ தவேராஸ் தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் மொத்தம் மூன்றே சுருட்டு பிடித்திருந்தான். தம்போரிலில் பிறந்த ஆணுக்கு இது கிட்டத்தட்ட ஓர் அங்கக் குறைபாடு. எங்கள் ஊரில் காலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றுக்கு முன்னால் புகையிலை வாசனைதான் உள்ளே வரும். தெருவுக்குப் பத்து வீட்டில் யாராவது பலகை முன்னால் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டிருப்பார்கள். எலிஹியோ மட்டும் ஐஸ்பெட்டி ரிப்பேர் பார்த்தான்.

முதல் சுருட்டைப் பதினேழு வயதில் பிடித்தான். அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. இரண்டாவது, மகள் யொகாஸ்தா பிறந்த அன்று. அவனுடைய சிநேகிதன் லெயோந்தே வால்வெர்தே, செடியின் அடி இலைகளாகப் பார்த்துப் பொறுக்கித் தன் கையால் சுற்றிக் கொடுத்தது. அடி இலைக்குக் காரம் குறைவு. "பாயசம் குடிச்ச மாதிரி இருந்தது" என்று எலிஹியோ அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது, அதே குழந்தையின் ஞானஸ்நானத்தன்று. சந்தியாகோவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் உச்சி இலையில் சுற்றிய கறுப்புச் சுருட்டு ஒன்றை நீட்டினார். பாதி வரை வந்தபோது எலிஹியோவின் முகம் பச்சையாயிற்று. பீர் பாட்டில்கள் போட்டிருந்த ஐஸ் தொட்டிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு லெயோந்தே குழந்தைக்கு ஞானத்தகப்பனானான். எலிஹியோவுக்குப் 'பச்சை' என்று பெயராயிற்று. அதுவரை டா போட்டுப் பேசிய இருவரும் அன்றிலிருந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஒருவரையொருவர் 'கொம்பாய்' என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தெருமுனையில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். எங்கள் ஊரில் யார் எதைப் பேசினாலும் என் கடை வாசலில் பீர் குடித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

போன வருடம் எலிஹியோ கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தான். பெண் நெரெய்தா. முப்பத்தோரு வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி, ஒரு மகளை வளர்த்து நியூயார்க்குக்கு அனுப்பிவைத்த அதே நெரெய்தாதான். கோயிலில் போய்க் கல்யாணம் முடிக்காமல் குடும்பம் நடத்துவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நெரெய்தாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்த பெண் எலிஹியோவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். அந்த யோசனைக்காக அவனை இரண்டு நாள் உள்ளே விடவில்லை. வீடு திரும்பியதும் நெரெய்தா சொன்னாள்: "அடுத்த தடவ அந்தப் பொண்ணு கேட்டா யோசிக்கக் கூடாது. பதில் இப்பவே தயார் பண்ணி வை."

மே மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்குக் கோயிலில் நேரம் கிடைத்தது. மாப்பிள்ளைத் தோழனாக லெயோந்தே. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுருட்டு கொடுத்து, முதல் சுருட்டைத் தானே பற்றவைக்க வேண்டும். நாற்பது பேர் வருவார்கள்.

"இந்தத் தடவ ஐஸ் தொட்டில விழுந்தீன்னா, வெள்ளை டிரஸ்ஸோட உன்னத் தூக்க மாட்டேன். காரம் இல்லாத, சாதுவானதாப் பாத்து வாங்கு" என்றாள் நெரெய்தா.

அவள் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம், எலிஹியோ என் கடை வாசலில் இருந்தபோது லெயோந்தே வந்தான். கழுத்தில் டை. ஏழு மாதமாக அவன் டை கட்டிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் அவன் விரல் நுனிகள் புகையிலைச் சாறு ஏறிப் பழுப்பாக இருக்கும், இப்போது வெளுத்துப்போயிருந்தன.

"கொம்பாய், நாப்பது சுருட்டு வேணும். யொகாஸ்தா பொறந்தப்ப சுத்திக் குடுத்தீங்களே, அதே மாதிரி" என்றான் எலிஹியோ.

லெயோந்தே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "வெளிய வெச்சு அப்படிப் பேசாதீங்க. இப்ப அதுக்கு ஒரு முறை இருக்கு."

"என்ன முறை? நீங்க சுத்துவீங்க, நான் வாங்கிக்குவேன்."

"நான் இப்ப சுத்தறதில்ல, கொம்பாய். நிர்ணயிக்கிறேன்."

அவன் சொன்னது உண்மை. தலைநகரில் ஒரு ஹோட்டலில், அமைச்சர் ஒருவரின் வெளிநாட்டு விருந்தாளி, சாது என்று சொல்லிக் கொடுத்த சுருட்டைப் பிடித்துவிட்டு மயங்கி விழுந்தாராம். மறு மாதமே எங்கள் ஊரில் 'சுருட்டுக் காரம் நிர்ணய வாரியம்' திறக்கப்பட்டது. நாங்கள் அதைச் சாது வாரியம் என்போம். பூங்காவை ஒட்டிய பழைய புகையிலைக் கிடங்குக்கு வெள்ளையடித்து, பதினோரு மேஜை போட்டு, பதினோரு பேரை நியமித்தார்கள். சாதுவான சுருட்டு அரிய பொருள் என்றும், அது எப்போதாவது பிடிப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்றும், தினமும் பிடிப்பவன் கையில் அது கிடைத்தால் நாட்டுக்கு நஷ்டம் என்றும் அறிவித்தார்கள். என் கடைக்கும் வந்தார்கள். இரண்டு பெட்டியை மஞ்சள் நாடா ஒட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். ரசீது கொடுத்தார்கள். 'சாது எனச் சந்தேகிக்கப்படும் சுருட்டு, பெட்டி இரண்டு' என்று அதில் எழுதியிருந்தது.

வாரியத்தில் சுருட்டு சுற்றத் தெரிந்த ஒரே ஆள் லெயோந்தே. அவனுடைய பதவியின் பெயர் 'முதல் நாக்கு.' நேர்காணலுக்குப் போக எலிஹியோதான் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்து கூட்டி வந்தான்.

"ஒரு நாள் வேலை, கொம்பாய். ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் உள்ள இருக்கேன்ல" என்றான் லெயோந்தே. எலிஹியோவின் தோளில் தட்டினான். பீரை எலிஹியோ வாங்கிக் கொடுத்தான்.

மனுவை வாங்கிக்கொண்டவள் குமாஸ்தா ஃபியோர்தலிசா. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "வந்திருச்சு" என்று கத்தினாள். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பதினோரு பேரும் எழுந்து வந்து அந்தக் காகிதத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாராம். எலிஹியோ அன்று ராத்திரி எங்களிடம் இதைச் சொன்னபோது, "ரொம்ப மரியாதையான ஜனங்க" என்றான்.

முதல் அமர்வு அடுத்த வாரம் நடந்தது. வாரியத் தலைவர் டொன் அமாப்லே, வெள்ளைச் சட்டையும் வெள்ளை மீசையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு எது சாதுவான சுருட்டு என்று தெரியவேண்டுமானால் என்ன செய்தான்?" என்று அவர் தொடங்கினார். "பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். அத்தோடு முடிந்துவிட்டது. மேல்முறையீடு உண்டா? இல்லை. பதிவேடு உண்டா? இல்லை. இன்றைக்கு அதே மனிதன் பதினோரு மேஜைகளைத் தாண்டி வர வேண்டும். இதைத்தான் முன்னேற்றம் என்கிறோம். இன்றுவரை இந்த வாரியம் ஒரு தவறான தீர்ப்புகூட வழங்கியதில்லை."

"எத்தனை தீர்ப்பு குடுத்திருக்கீங்க, ஐயா?" என்று எலிஹியோ பயபக்தியுடன் கேட்டான்.

"இன்னும் எதுவும் கொடுக்கவில்லை" என்றார் டொன் அமாப்லே.

பிறகு கேள்விகள் வந்தன. எலிஹியோ எப்போதாவது பிடிப்பவன் என்பதற்கு ஆதாரம் என்ன? தினமும் பிடிக்கும் எவனோ ஒருவன், சாதுச் சுருட்டு மேல் ஆசைப்பட்டு, அப்பாவி வேஷம் போட்டு வந்திருக்கலாமே? எலிஹியோ தன் பச்சைப் பட்டப்பெயரைச் சொன்னான். பட்டப்பெயரைச் சான்றாக ஏற்க விதியில் இடமில்லை. கடைசியில் லெயோந்தேதான் எழுந்து, மனுதாரர் நம் முன்னாலேயே ஒரு சுருட்டு பிடித்துக் காட்டட்டும், இருமினால் புதியவர் என்று தெரிந்துவிடும் என்று வழி சொன்னான். எலிஹியோ நன்றியோடு அவனைப் பார்த்தான்.

பிடித்தான். மூன்றாவது இழுப்பில் இருமல் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. "ஒண்ணு" என்று ஃபியோர்தலிசா எழுதிக்கொண்டாள். வாசலில் லெயோந்தே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பிரமாதம் கொம்பாய். எல்லாருக்கும் உங்க இருமல் பிடிச்சிருக்கு."

இரண்டாவது அமர்வில் வாரியத்து டாக்டர் ஓர் ஐயத்தைக் கிளப்பினார். அந்த இருமல் சளி இருமலாக இருந்தால்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு இருமலாவது வேண்டும். எலிஹியோ இரண்டு சுருட்டு பிடித்தான். நடுவில் அரை மணி நேர இடைவெளி. அந்த நேரத்தில் வாரியத்து ஐஸ்பெட்டி குளிரவில்லை, பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். பச்சை முகத்தோடு தரையில் படுத்து அதைச் சரிசெய்து கொடுத்தான். அது மனுவில் சேராது என்று ஃபியோர்தலிசா வருத்தத்தோடு சொன்னாள். நல்ல பெண்தான், அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எலிஹியோவை எப்போதாவது பிடிப்பவர் என்று ஒருவழியாகத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து, எந்த அளவு சாது? வாரியம் சாதுவை ஐந்து படியாகப் பிரித்திருந்தது: சாது, நடுச் சாது, முழுச் சாது, மேல் சாது, சுத்த சாது. இதில் மனுதாரருக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? ஐந்தையும் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"லெயோந்தே கொம்பாய்க்கு என் நாக்கு தெரியுமே. அவரே சொல்லட்டுமே" என்றான் எலிஹியோ.

டொன் அமாப்லே முகம் சுளித்தார். "அவர் உங்கள் குழந்தைக்கு ஞானத்தகப்பன். உங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் சொல்வது பாரபட்சம். நான் இருக்கிறேன், பாருங்கள். பத்தொன்பது வருடமாக நான் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. டாக்டர் தடை விதித்திருக்கிறார். இங்கே ஏழு பேர் பிறந்ததிலிருந்தே பிடித்ததில்லை. இந்த நாட்டில் எங்களைப் போல் நடுநிலையான வாரியம் கிடையாது."

ஐந்தும் பிடித்தான். முடிவு எழுதப் போகும் நேரத்தில் வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் சுருட்டின் காரம் மாறும் என்று டாக்டர் சொன்னதால் அந்த அமர்வு ரத்தானது. அடுத்த வாரம் மறுபடி ஐந்து. அதற்கடுத்த வாரம், வரிசையால் நாக்கு ஏமாறக்கூடும் என்று கடைசியிலிருந்து முதலுக்கு ஐந்து. அந்த மூன்றாவது வாரத்தில் எலிஹியோ இருமவில்லை. அமர்வு தொடங்கும் மணியை அடிப்பதற்கு முன்னாலேயே நெருப்புப் பெட்டியைக் கேட்டானாம். ஃபியோர்தலிசா எழுதிக்கொண்டாள்.

இந்த ஆறு வாரத்தில் ஊரில் பதினேழு ஐஸ்பெட்டிகள் ரிப்பேர் ஆகாமல் கிடந்தன. என் கடைப் பாலாடைக்கட்டி கெட்டுப்போனது. எலிஹியோ இளைத்தான். சட்டை, தலைமுடி, தலையணை எல்லாம் நாறின.

"முப்பத்தோரு வருஷம் பாதிரியார் இல்லாம ஒரு மனுஷனோட இருந்தேன். இப்ப பாதிரியாரோட சேத்து ஒரு சாம்பல் கிண்ணமும் வருது" என்றாள் நெரெய்தா.

"இன்னும் ஒரே அமர்வு. கொம்பாய் உள்ள இருக்காருல்ல."

"உள்ள இருந்து என்ன செய்யறாரு?"

எலிஹியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனுஷன் மேல் சந்தேகப்பட்டால் மகளின் ஞானஸ்நானத்தின் மேலேயே சந்தேகப்பட்ட மாதிரி என்றான். நெரெய்தா அவன் சட்டையை வாங்கி ஊறவைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லெயோந்தே அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோறும் சிவப்பு அவரையும் கோழியும். நெரெய்தா அவனுக்கு இரண்டாவது தட்டும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தான்.

"வியாழக்கிழம தீர்ப்பு, கொம்பாய். சனிக்கிழம நாப்பது பேரு பாப்பாங்க. கை பழகட்டும். கொல்லைப் பக்கமா போய் ஒண்ணு பிடிங்க."

"இது விதிப்படி சரியா?"

"நம்ம ரெண்டு பேருக்குள்ளதானே."

எலிஹியோ கொல்லையில் மாமரத்தடியில் உட்கார்ந்து அதைப் பிடித்தான். லெயோந்தே பக்கத்திலேயே உட்கார்ந்து, தம்போரிலில் அந்தக் காலத்தில் அவர்கள் செய்த வேடிக்கைகளைப் பேசிக்கொண்டிருந்தான். இருவரும் நிறையச் சிரித்தார்கள். ஆறு வாரத்தில் அதுதான் நல்ல நாள் என்று எலிஹியோ மறுநாள் என்னிடம் சொன்னான்.

வியாழக்கிழமை நானும் கடையைச் சாத்திவிட்டு வாரியத்துக்குப் போனேன். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. கரன்ட் இல்லை, கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டு நின்றோம். எலிஹியோ கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முன் வரிசையில் உட்கார்ந்து லெயோந்தேயைப் பார்த்துச் சிரித்தான். லெயோந்தே ஒரு பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபியோர்தலிசா எழுந்து பதிவேட்டை வாசித்தாள். முதல் அமர்வு, ஒன்று, இருமல் உண்டு. இரண்டாவது, இரண்டு, இருமல் உண்டு. மூன்றாவது, ஐந்து. நான்காவது, ஐந்து. ஐந்தாவது, ஐந்து, இருமல் இல்லை, மனுதாரர் தாமாகவே நெருப்பு கேட்டார். அத்தோடு அவள் நிறுத்தினாள். டொன் அமாப்லே, "மேலே" என்றார். அவள் குரல் இறங்கியது.

"அமர்வுக்கு வெளியே, ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு, தன் வீட்டுக் கொல்லையில், மாமரத்தடியில், யாருடைய கட்டாயமும் இல்லாமல், மகிழ்ச்சியாகச் சிரித்துக்கொண்டு மனுதாரர் ஒரு சுருட்டை முழுதும் பிடித்தார். சாட்சி, முதல் நாக்கு, லெயோந்தே வால்வெர்தே. மொத்தம் நாற்பத்து மூன்று நாளில் பத்தொன்பது."

எலிஹியோவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாத பொருளை வைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி அதை வைத்துக்கொண்டிருந்தான்.

டொன் அமாப்லே எழுந்தார். "மனுதாரர் முதல் நாள் இந்த வாசலில் நுழைந்தபோது எப்போதாவது பிடிப்பவராகத்தான் நுழைந்தார். வாரியத்துக்கு அதில் துளியும் ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு என்பது இன்றைய தேதிக்கு உரியது. இரண்டு நாளைக்கு ஒன்று வீதம் பிடிப்பவரை எப்போதாவது பிடிப்பவர் என்று எழுத என் பேனா மறுக்கிறது. மனு தள்ளுபடி. அவர் பெயர் வழக்கமாகப் பிடிப்போர் பட்டியலில் இன்று முதல் சேர்க்கப்படுகிறது. எந்தக் கடையிலும் எவ்வளவு காரமான சுருட்டையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் வாங்கிக்கொள்ளலாம். இது அவருக்கு வாரியம் தரும் சலுகை."

"ஐயா" என்று எலிஹியோ எழுந்தான். "அந்தப் பத்தொன்பதும் நீங்க குடுத்ததுதானே?"

"யார் கொடுத்தது என்பது நுரையீரலுக்குத் தெரியாது" என்றார் டொன் அமாப்லே.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் அடுத்த அறிவிப்பைப் படித்தார். மனுதாரருக்கென்று ஒதுக்கிவைத்த நாற்பது சுத்த சாதுச் சுருட்டுகளுக்கு இப்போது உரியவர் யாருமில்லை. வாரியம் தன் முதல் கோப்பை வெற்றிகரமாக முடித்திருப்பதைக் கொண்டாடும் விழாவில் அவை பயன்படுத்தப்படும். விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. ஊழியர் அனைவரும் வந்தாக வேண்டும்.

வாசற்படியில் லெயோந்தே எலிஹியோவைப் பிடித்தான். நான் ஓர் அடி தள்ளித்தான் நின்றேன்.

"கொம்பாய், சனிக்கிழம..."

"கோயில்லயும் நாலு மணிதான்" என்றான் எலிஹியோ.

"தெரியும். நான் பேசிப் பாக்கறேன். முடிஞ்சா வந்துருவேன்."

எலிஹியோ திரும்பிப் படியிறங்கினான். புது ஷூ கடித்திருக்க வேண்டும். நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

சனிக்கிழமை நாலேகால் வரை பாதிரியார் பொறுத்தார். வாசலில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எலிஹியோ திரும்பிப் பார்த்தான். நெரெய்தா, வெள்ளை உடையில், முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றவள், "நான் முப்பத்தோரு வருஷம் காத்திருந்தது அந்த ஆளுக்காக இல்ல. உள்ள போகலாம்" என்றாள். தோழனாக நான் போய் நின்றேன். பதிவேட்டில் முன்கூட்டியே எழுதியிருந்த லெயோந்தேயின் பெயரைப் பாதிரியார் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சின்ன எழுத்தில் என் பெயரை எழுதினார். எலிஹியோ அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட அவனை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

விருந்து அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடந்தது. முழுப் பன்றி வறுவல், துவரைச் சோறு, ரம், ஓயாத மெரெங்கே பாட்டு. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த யொகாஸ்தா அம்மாவின் வெள்ளைப் பின்னலைச் சரிசெய்துகொண்டே, "என் ஞானத்தகப்பன் எங்க?" என்று ஒருமுறை கேட்டாள். சாப்பிட்டு முடித்த ஆண்கள் வெறும் கையோடு சுவரோரம் நின்றார்கள். யாரும் எதையும் கேட்டுவிடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த அளவு நாகரிகம் உண்டு.

வெயில் சாய்ந்து ஆறு மணி இருக்கும்போது லெயோந்தே வந்தான். டை தளர்ந்திருந்தது. அவன் மேல் புகை வாசனை அடித்தது. நேராக எலிஹியோவிடம் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தான். மஞ்சள் வளையம் போட்ட சுத்த சாது.

"எப்படியோ ஒண்ணு எடுத்து வெச்சேன், கொம்பாய். யாருக்கும் தெரியாது. உங்களுக்காக."

எலிஹியோ அதை வாங்கிக்கொண்டான். பற்றவைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எப்ப முடிவு பண்ணீங்க?"

"நான் முடிவு பண்ணல. கோப்பு அப்படிப் போச்சு."

"எப்ப?"

லெயோந்தே தரையைப் பார்த்தான். "மனு வந்த அன்னிக்கே. யோசிச்சுப் பாருங்க, கொம்பாய். மொத நாளே சரின்னு எழுதிட்டா, ரெண்டாம் நாள் பதினோரு பேரும் என்ன செய்யறது? வாரியம் தொறந்ததுலேர்ந்து வந்தது ஒரே மனு. உங்களோடது. தள்ளுபடி பண்ணாத்தான், இங்க வேல இருக்குன்னு தலைநகர்ல நம்புவாங்க. அதுக்குக் கோப்பு கொஞ்சம் கனமா வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மனுவே குடுத்திருக்க மாட்டேனே."

"அதான் சொல்லல."

அந்தப் பக்கம் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. நாங்கள் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"ஞாயித்துக்கெழம எதுக்கு வந்தீங்க? அதுக்கு முன்னாடியே பதினெட்டு இருந்துச்சே."

"அதெல்லாம் வாரியம் குடுத்தது. தானாப் பிடிச்சதுன்னு ஒண்ணாவது வேணும்னாரு டொன் அமாப்லே."

"நெரெய்தா உங்களுக்கு ரெண்டாவது தட்டு போட்டா."

"நல்லா இருந்தது" என்றான் லெயோந்தே. சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும், வாயைத் துடைத்துக்கொண்டான். "நான் போகட்டுமா?"

"இருங்க. இன்னும் கேக் வெட்டல."

எலிஹியோ சுருட்டின் நுனியைக் கடித்துத் துப்பினான். இப்போது அதில் அவனுக்கு ஒரு லாவகம் வந்திருந்தது. தீக்குச்சியைக் கிழித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பிச் சமமாகப் பற்றவைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொன்று இழுத்தான். சுருட்டை எடுத்து அதன் கங்கைப் பார்த்தான்.

"இது பத்திக்கிச்சா?"

"பத்திக்கிச்சு, கொம்பாய். புகை வருதே."

மறுபடி இழுத்தான். கன்னம் குழிந்தது. மூக்கு வழியாகப் புகை வந்தது. அவன் முகம் பச்சையாகவில்லை. எந்த நிறமாகவும் மாறவில்லை.

"ஒண்ணுமே தெரியலையே" என்றான்.

எலிஹியோ அந்தச் சுருட்டைச் கொல்லை மண்ணில் வைத்து, கல்யாண ஷூவால் மெதுவாக மிதித்து அணைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "கடையில கறுப்பு இருக்கா?" என்று கேட்டான். என் சட்டைப் பையிலேயே ஒன்று இருந்தது. உச்சி இலை, நான் தினமும் பிடிப்பது. கொடுத்தேன்.

அவன் சுவரில் சாய்ந்து நின்று அதைக் கடைசி வரை பிடித்தான். ஒருமுறைகூட இருமவில்லை. யொகாஸ்தா கேக்கை மேஜைக்குக் கொண்டுவந்து வைத்து, அப்பாவைக் கூப்பிட்டாள். அவன் இதோ வருகிறேன் என்று கை காட்டினான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த நெரெய்தா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, உடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் நாற்காலியை இழுத்துப் போய், காற்று வரும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.